முதலில் எதைத் திருத்துவது?

மாதம் பிறக்கிறது. சம்பளப் பணம் வீட்டுக்கு வருகிறது. குடும்பத் தலைவி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எழுதுகிறாள்.

கூரை ஒழுகுகிறது. மகனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். மாமியாருக்குக் கண் மருந்து. அடகில் இருக்கும் வளையலுக்கு வட்டி. மகளுக்குப் புதுப் பாவாடை.

எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது. எதை முதலில் செய்வது?

மகள் அழுகிறாள். அந்த அழுகையைக் கேட்கப் பொறுக்காமல் பாவாடையை வாங்கிவிட்டு, மருந்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் என்ன ஆகும்? மாமியார் வாய் திறந்து கேட்க மாட்டார். ஆனால் போன பார்வை திரும்பி வராது.

விவரம் தெரிந்த குடும்பத் தலைவி அப்படிச் செய்ய மாட்டாள். யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்க்காமல், எது தள்ளினால் தாங்காது என்று பார்ப்பாள். அதற்குத்தான் அந்தத் துண்டுக் காகிதம்.

இந்தப் புத்தி பெரிய பெரிய கம்பெனிகளுக்கும் வேண்டும். பல இடங்களில் அது இல்லை என்பதுதான் வருத்தத்துக்குரிய செய்தி.

உரத்த குரல் ஜெயிக்கிறது

எந்தத் தொழிற்சாலையிலும் குறைகள் உண்டு. ஒரு பொருள் கசிகிறது. ஒன்று சூடாகிறது. ஒன்று வெடிக்கிறது. எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் திருத்த ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே எதை முதலில் எடுப்பது என்று கூட்டம் போடுகிறார்கள்.

கூட்டத்தில் நடப்பது என்ன? விற்பனை மானேஜர் ஒன்று சொல்கிறார். உற்பத்தி மானேஜர் வேறொன்று சொல்கிறார். கடைசியில் முதலாளி ஒன்று சொல்கிறார். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போகிறார்கள்.

அந்த அறையில் ஒருவர் மட்டும் இல்லை. அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறாரே, அவர் இல்லை. இயந்திரத்தின் முன் நின்று அந்தக் குறையைத் தினமும் கண்ணால் பார்க்கும் தொழிலாளியும் பெரும்பாலும் இல்லை.

இல்லாத அவர்களுக்காக யார் பேசுவது? எழுதி வைத்த கணக்குதான் பேச வேண்டும். எதை முதலில் திருத்துவது என்பதை முறையாக, காகிதத்தில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி முடிவு செய்ய வேண்டும். அது கம்பெனிக்கு மட்டும் நல்லதல்ல. அந்தப் பொருளை நம்பி இருக்கும் குடும்பங்களுக்கும், அந்த வேலையை நம்பி இருக்கும் குடும்பங்களுக்கும் அதுவே காப்பு.

ஜூரன் சொன்ன வழி

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஜோசப் ஜூரன். 1904-ல் ருமேனியா நாட்டில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். 1924-ல் டெலிபோன் கருவிகள் செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 103 வயது வரை வாழ்ந்து 2008-ல் காலமானார்.

தொழிற்சாலைக் குறைகளைக் கணக்கெடுத்தபோது ஜூரன் ஒன்றைக் கவனித்தார். குறைகள் நூறு வகையாக இருக்கலாம். ஆனால் நஷ்டத்தில் பெரும்பகுதி ஒரு சில வகைகளிலிருந்தே வருகிறது. அந்தச் சிலவற்றை முதலில் பிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதை "முக்கியமான சில" என்று அவர் பிரித்துக் காட்டினார்.

செல்வம் ஒரு சிலரிடமே சேர்ந்து கிடக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பரேட்டோ என்ற இத்தாலிய அறிஞரின் பெயரை இந்த முறைக்கு ஜூரன் வைத்தார். அந்தப் பெயர் பொருத்தமில்லை, தவறு தன்னுடையதுதான் என்று 1975-ல் அவரே எழுதினார். பெயர் எதுவானால் என்ன? முறை நிலைத்துவிட்டது.

1954-ல் ஜூரன் ஜப்பானுக்குப் போய் மானேஜர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் நடத்தினார். அவருக்கு முன்பே, 1950-ல், டெமிங் என்ற அமெரிக்கர் அங்கே போய்க் கணக்கு முறையில் தரத்தைக் காப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார். போரில் நொறுங்கிக் கிடந்த நாடு அது. "ஜப்பான் சரக்கா? மட்டம்!" என்று உலகம் ஒதுக்கிய காலம் அது. அந்தப் பெயரை ஜப்பானியர்கள் எப்படி மாற்றினார்கள் என்பதை உலகமே அறியும்.

ஒரு பம்ப் பட்டறைக் கணக்கு

இந்த முறை எப்படி வேலை செய்கிறது? ஓர் உதாரணம் பார்க்கலாம். கோயம்புத்தூரில் தண்ணீர் பம்ப் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. அப்படி ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு கற்பனைதான். ஆனால் இப்படிக் கணக்கு வருவது அதிசயமல்ல.

ஒரு வருஷத்தில் 200 புகார்கள் வந்தன. சீல் கசிவு 96. காயில் எரிந்தது 44. பேரிங் சத்தம் 24. பெயிண்ட் உரிந்தது 16. பம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்பது 2. மற்றச் சில்லறைப் புகார்கள் 18.

எண்ணிக்கையைப் பார்த்தால் சீல் கசிவுதான் முதலில் நிற்கிறது. சீலும் காயிலும் சேர்ந்தால் 140 புகார். அதாவது நூற்றுக்கு 70. ஜூரன் சொன்ன "முக்கியமான சில" இவைதான்.

இப்போது ரூபாய்க் கணக்கைப் பாருங்கள். ஒரு சீல் மாற்ற 250 ரூபாய் செலவு என்றால், 96 பம்புக்கு 24,000 ரூபாய். காயில் கட்ட ஒரு பம்புக்கு 1,500 ரூபாய் என்றால், 44 பம்புக்கு 66,000 ரூபாய். பணத்தைப் பார்த்தால் காயில்தான் முதல் குறை!

ஷாக் அடித்த பம்புகளோ இரண்டே இரண்டு. எர்த் கம்பியைச் சரியாக முடுக்காததுதான் காரணம். சரி செய்ய ஒரு பம்புக்கு 100 ரூபாய். எண்ணிக்கையிலும் அது கடைசி, பணத்திலும் கடைசி. ஆனால் ஈரக் கையோடு அந்தப் பம்பைத் தொடும் விவசாயியின் உயிர்? அப்படிப் பார்த்தால் ஷாக்தான் முதலில் நிற்க வேண்டும்.

ஒரே 200 புகார்கள். மூன்று விதமாகப் பார்த்தால் மூன்று விடைகள். "கணக்குப் போட்டேன்" என்று ஒருவர் சொன்னால் போதாது. எதைக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

எடை போடும் விதம்

இதற்காகத்தான் பல காரணங்களையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது.

அதே பட்டறையை எடுத்துக்கொள்வோம். முதலாளிக்குப் பெயிண்ட் மேல் கண். "கடையில் வைத்தால் பளபளப்பாக இருக்க வேண்டாமா?" என்கிறார். அவர் பேச்சை அப்படியே ஏற்காமல், ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதுகிறார்கள். வாங்கியவருக்கு எவ்வளவு அவதி? பட்டறைக்கு எவ்வளவு நஷ்டம்? திருத்துவது எவ்வளவு சுலபம்?

மூன்றுக்கும் சேர்த்து எடை 10. அவதிக்கு 4, நஷ்டத்துக்கு 3, சுலபத்துக்கு 3 என்று வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு குறைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுத்து, எடையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள்.

காயிலுக்கு அவதி 5, நஷ்டம் 5, சுலபம் 2. கூட்டினால் 41. சீலுக்கு அவதி 4, நஷ்டம் 2, சுலபம் 5. கூட்டினால் 37. பெயிண்டுக்கு அவதி 1, நஷ்டம் 1, சுலபம் 5. கூட்டினால் 22.

காயில் முதலில், சீல் அடுத்து, பெயிண்ட் பிறகு. முதலாளியை யாரும் எதிர்த்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை. தாளே பேசிவிட்டது.

ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவதிக்கு 3, நஷ்டத்துக்கு 2, சுலபத்துக்கு 5 என்று எடையை மாற்றிப் பாருங்கள். சீலுக்கு 41 வரும். காயிலுக்கு 35தான் வரும். வரிசை தலைகீழாகிவிட்டது!

மளிகைக் கடையில் தராசைப் பார்ப்பதோடு நிற்கிறோமா? படிக்கல்லையும் பார்க்கிறோம். அது போல, எடையை யார் வைத்தது, எப்போது வைத்தது என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் போடுவதற்கு முன்பே எடையை முடிவு செய்ய வேண்டும். விடையைப் பார்த்த பிறகு எடையை மாற்றுவது, தராசில் கட்டை விரலை வைப்பது போன்றது.

எடை வைப்பதிலும் குழப்பம் வருவதுண்டு. எட்டுப் பத்துக் காரணங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து எடை போடுவது கஷ்டம். தாமஸ் சாட்டி என்ற பேராசிரியர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஈராக் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்தவர் அவர். இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுங்கள் என்றார். இதைவிட அது முக்கியமா, எத்தனை மடங்கு முக்கியம் என்று மட்டும் சொன்னால் போதும். மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். 1970-களில் அவர் வகுத்த இந்த முறை உலகெங்கும் பரவியது.

அதில் இன்னொரு நன்மையும் உண்டு. காயில் சீலைவிட முக்கியம், சீல் பேரிங்கைவிட முக்கியம், பேரிங் காயிலைவிட முக்கியம் என்று ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னால், கணக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். மனிதர் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்குத் துணிவு வருமா?

உயிரைத் தராசில் வைக்கலாமா?

மேலே போட்ட தாளில் ஷாக் அடிக்கும் பம்பைச் சேர்க்கவில்லை. அது மறதியல்ல. உயிருக்கு ஆபத்தானதை மற்றவற்றோடு சேர்த்து எடை போடவே கூடாது. அதை உடனே திருத்த வேண்டும். மற்றவைதான் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பெரிய தொழில்களே தாமதமாகத்தான் கற்றன. மோட்டார் தொழிலில் நெடுங்காலமாக ஒரு முறை இருந்தது. ஒரு குறை எவ்வளவு கொடியது, எத்தனை தடவை வரும், முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். மூன்றையும் பெருக்குவார்கள். பெரிய எண் வந்தால் அதுவே முதல் வேலை.

பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய ஒரு குறைக்கு 10, 2, 2 என்று போட்டால் பெருக்கல் 40. வெறும் தொல்லை தரும் குறைக்கு 4, 5, 5 என்று போட்டால் 100. கொல்லும் குறை பின்னால் போய்விடுகிறது! அமெரிக்க, ஜெர்மன் மோட்டார் தொழில் சங்கங்கள் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட கைநூலில், இந்தப் பெருக்கல் எண்ணைக் கைவிட்டார்கள். கொடுமைக்கு முதல் இடம் கொடுக்கும் புதிய அட்டவணையை அதன் இடத்தில் வைத்தார்கள்.

சாவி திரும்பிய கதை

குறையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதே உயிரைத் தீர்மானிக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் நடந்தது இது.

கோபால்ட் முதலிய சில சிறிய கார்களில் சாவி ஸ்விட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக் கொத்தைத் தொங்கவிட்டாலோ, முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பிவிடும். ஓடும் காரில் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங் கனத்துவிடும். மோதும்போது ஆளைக் காப்பாற்ற விரிய வேண்டிய காற்றுப் பையும் விரியாது.

2004, 2005-ஆம் ஆண்டுகளிலேயே கார் நின்றுபோகும் புகார்கள் கம்பெனிக்கு வந்தன. ஆனால் அவற்றை உயிர் ஆபத்து என்ற தலைப்பில் எழுதவில்லை. வாடிக்கையாளரின் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்ற தலைப்பில் எழுதினார்கள்! சௌகரியக் குறைதானே என்று செலவையும் காலத்தையும் கணக்குப் பார்த்தார்கள். திருத்தும் யோசனைகள் ஒதுக்கப்பட்டன. 2006-ல் ஸ்விட்சின் அமைப்பை மாற்றினார்கள். ஆனால் அதன் எண்ணை மாற்றவில்லை. பழைய ஸ்விட்ச் எது, புதியது எது என்று பின்னால் ஆராய்ந்தவர்களுக்கே தெரியாமல் போயிற்று. பழைய கார்கள் சாலையில் ஓடிக்கொண்டே இருந்தன.

2014-ல்தான் கம்பெனி சுமார் 26 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. இந்தக் குறையால் 124 பேர் இறந்ததாக நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்டது. 2015-ல் அமெரிக்க அரசாங்கத்துக்கு 90 கோடி டாலர் கட்ட நேர்ந்தது.

அங்கே இன்ஜினீயர்களுக்குப் பஞ்சமா? படிவங்களுக்குப் பஞ்சமா? கூட்டங்களுக்குப் பஞ்சமா? ஒன்றுக்கும் பஞ்சமில்லை. தலைப்புதான் தப்பு. தலைப்புத் தப்பானால் அதன் கீழே போடும் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. காரை ஓட்டிய பெண்ணோ, பக்கத்தில் உட்கார்ந்த பையனோ அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் "சௌகரியம்" என்று எழுத விட்டிருப்பார்களா?

தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி

ஜப்பானியர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். 1962 முதல் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களின் சிறு குழுக்கள் தோன்றின. ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் இடத்துக் குறைகளைத் தாங்களே எண்ணி, எதை முதலில் எடுப்பது என்று தாங்களே தேர்ந்து, திருத்தினார்கள். அதிகம் படிக்காதவரும் கோடு போட்டு எண்ணக் கற்றுக்கொண்டார். கசிந்தால் ஒரு கோடு, எரிந்தால் ஒரு கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்தாலே எது அதிகம் என்று தெரிந்துவிடும்.

அந்தக் காற்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. டெமிங் பெயரால் ஜப்பானில் 1951 முதல் தரத்துக்கு ஒரு பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பரிசை இந்தியாவில் முதன் முதலாக வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு. ஆண்டு 1998. பிறகு 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனியும் அதைப் பெற்றது. நம்மவர்களால் முடியாது என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

சிறிய பட்டறைக்கு இது எதற்கு?

"இதெல்லாம் பெரிய கம்பெனி விவகாரம். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் தாளும் எடையும் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு.

பெரிய கம்பெனி ஒரு தப்பான வேலையில் பணத்தைப் போட்டால் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். சிறிய பட்டறை தாங்குமா? இருக்கிற கொஞ்சம் பணத்தைப் பெயிண்ட் இயந்திரத்தில் போட்டுவிட்டு, எரிந்த காயில்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தால், ஆர்டர் போகும். ஆர்டர் போனால் வேலை போகும். பத்துக் குடும்பங்களின் அடுப்பு அந்த ஒரு முடிவில் இருக்கிறது. ஆகவே சிறியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

இதற்கு ஒரு நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் போதும். வரும் புகாரை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒரு தடவை எண்ணிக்கையையும் ரூபாயையும் கூட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்தானவற்றுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு அன்றே திருத்த வேண்டும். மீதியை முதலாளியும் மேஸ்திரியும் தொழிலாளர்களும் சேர்ந்து எடை போட்டு, ஒன்றிரண்டை மட்டும் எடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தப் புகார் குறைந்ததா என்று அதே நோட்டில் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் எடுத்த வழி தப்பு.

"காகிதம் போட்டுக்கொண்டே காலம் போய்விடும்" என்ற பயமும் நியாயமானதுதான். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு ஒன்றும் செய்யாதவர்களும் உண்டு. ஐந்து நிமிஷத்தில் முடுக்கிவிடக்கூடிய ஆணிக்கு மதிப்பெண் வேண்டாம். முடுக்கிவிட வேண்டியதுதான். பணமும் ஆளும் நாளும் கேட்கும் வேலைகளுக்குத்தான் தராசு.

இன்னொன்றும் உண்டு. தாள் சொல்லிவிட்டது என்று மனிதர்கள் பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 41-ம் 37-ம் யானையும் பூனையும் அல்ல. வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும். தாள் நம்மைக் கேள்வி கேட்க வைக்கும். பதிலுக்கு நாம்தான் பொறுப்பு.

வாங்குபவரின் கடமை

பொருளை வாங்கும் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. மிக்ஸியில் ஷாக் அடித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு அரைத்துச் சமாளிக்கிறோம். குக்கரின் கைப்பிடி ஆடினால் துணியைச் சுற்றிக்கொள்கிறோம். கடைக்காரரிடம் சொல்வதில்லை. சொன்னாலும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதாத புகார் எந்த நோட்டிலும் ஏறாது. நோட்டில் ஏறாத குறைக்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

மாமியார் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனாலும் மருமகள் கண் மருந்தைத் துண்டுக் காகிதத்தில் முதல் வரியாக எழுதினாள் அல்லவா? கம்பெனிக் கூட்டங்களிலும் அப்படி ஒரு வரி முதலில் எழுதப்பட வேண்டும். அறையில் இல்லாதவருக்கான வரி அது.